சிப்பிக் கூடையும் ஆமைக்கல்துறைக் கதவுகளும்

ஆமைக்கல்துறையில் கதவுகள் முதன்முறையாகத் தாமே மூடிக்கொண்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சரியாகச் சொன்னால் கோயிலில் செபமாலைக்கு மணி அடித்து ஓய்ந்து ஆட்கள் இன்னும் வந்து சேராத இடைவெளியில். அதனால் கோயிலுக்குள் மாட்டிக்கொண்டது மணி அடித்த கோயில்பிள்ளையும் ஒரு புறாவும் மட்டுமே. வீட்டுக் கதவுகள், சன்னல்கள், ரேஷன் கடை வாசல், இரும்பு பீரோக்கள், கோழிக்கூட்டின் மூடி, டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜ், பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஜீப்பின் நாலு கதவு, மீனவர் சங்கத்துக் கட்டடத்தின் தபால் பெட்டி என்று ஊரில் கீல் வைத்த எல்லாமும், எல்லா வீட்டிலும் யாரோ ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டு வெளியே போனதைப் போல, படாரென்று மூடிக்கொண்டன. தாடைக்கும் ஒரு கீல் உண்டு என்று உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் பின்னாளில் வாதிட்டார். ஆனால் அன்றோ அதன் பிறகோ ஊரில் எவர் வாயும் மூடியதாகத் தகவல் இல்லை.

செலஸ்தீனா அந்த நேரத்தில் நெத்திலிக் கருவாட்டு டின்னை எடுப்பதற்காகப் பின்னறைக்குள் போயிருந்தாள். இருட்டில் கருவாட்டு வாசத்தோடு நின்றுகொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் தன் புருசன் சூசைநாயகம் மூச்சு வாங்குவதைக் கேட்டாள்.

"இஞ்ச பாரும், தள்ளுறீரா இழுக்கிறீரா?"

"இழுக்கிறேன்."

"வெளிய நின்னா தள்ளணும்வே. கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு தெரியாதா உமக்கு?"

"நான் எப்பவும் நீ திறந்து வச்ச கதவுலதான வந்திருக்கேன்."

தள்ளியும் இழுத்தும் கடப்பாரை வைத்து நெம்பியும் ஒன்றும் ஆகவில்லை. சூசைநாயகம் கூரையேறி இரண்டு ஓட்டைப் பிரித்துக் கயிற்றில் தண்ணீர்ச் செம்பை இறக்கினார். மறுநாள் பூசை முடியும் வரை செலஸ்தீனா கருவாட்டு டின்மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, யாரும் தொடாமலே, ஊர் முழுக்க எல்லாக் கதவும் ஒரு பெருமூச்சைப் போல மெதுவாகத் திறந்தன.

இதற்குக் காரணம் தேடி ஊர் ரொம்ப நேரம் செலவழிக்கவில்லை, ஏனென்றால் காரணம் கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்த டாக்டர் இந்துமதி, நாமக்கல் பக்கத்துக்காரி, கடலைக் கண்டால் இன்றும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறவள், ஆமைக்கல் பாறைக்குப் பக்கத்தில் இரண்டு தூண் நட்டு அதிலே ஒரு கம்பிக் கூடையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கூடைக்குள் உயிருள்ள பச்சைச் சிப்பிகள், ஒவ்வொன்றின் ஓட்டிலும் மயிரிழை போன்ற கம்பி. மீனுக்குத் தண்ணீர் பிடிக்காவிட்டால் ஓடிவிடும், சிப்பி ஓடாது. ஒட்டின இடத்திலேயே இருந்து நாளெல்லாம் கடலைக் குடித்துத் துப்பிக்கொண்டிருக்கும், கடலில் எண்ணெய் இருந்தால் அது சிப்பியின் சதையில் சேரும், அளவுக்கு மேல் போனால் சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும், ஆகவே கடலுக்கு என்ன நடக்கிறது என்று கேட்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று அவள் ஊர்க் கூட்டத்தில் விளக்கியிருந்தாள்.

ஊர்ச் சனங்களுக்கு அதில் ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. ஆமைக்கல்துறையில் வள்ளமானாலும் வலையானாலும் புது எஞ்சினானாலும் மந்திரிக்காமல் கடலில் இறக்குகிற வழக்கம் இல்லை. அதனால் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து கூடைக்கும் தீர்த்தம் தெளித்தார்கள். அன்று வாடைக் காற்றில் புத்தகத்தின் தாள் புரண்டு, சாமியார் வள்ளத்துக்கு உரிய செபத்துக்குப் பதிலாகப் புது வீட்டுக்கு உரிய செபத்தை, கதவுகளையும் சன்னல்களையும் பெயர் சொல்லிக் காக்கச் சொல்லும் அந்த நீண்ட செபத்தை, முழுக்க வாசித்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். சிப்பிக்கும் ஒரு கீல் உண்டு, கீலும் கீலும் ஒன்றையொன்று அறியும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். டாக்டர் இந்துமதி எதுவும் சொல்லவில்லை. சிப்பிகள் மூடிய நேரமும் கதவுகள் மூடிய நேரமும் ஒன்றுதான் என்பதைக் கருவியில் பார்த்துவிட்டு, அதை ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதி அனுப்பினாள். கட்டுரை நன்றாக இருக்கிறது, கதவுகளைப் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிடவும் என்று பதில் வந்தது.

மாட்டிக்கொள்வது பழகப் பழக ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. கழிப்பறைகளுக்குக் கதவைக் கழற்றிவிட்டுச் சாக்குப் படுதா தொங்கவிட்டார்கள், படுதாவுக்குப் பின்னால் இருப்பவர் சத்தமாகப் பாட வேண்டும் என்று ஒரு முறை ஏற்பட்டது, அதனால் யார் யாருக்கு எந்தப் பாட்டு என்பது ஊருக்கே மனப்பாடமானது. ஆட்டோக்காரர்களுக்கு, கதவே இல்லாத வண்டி என்பதால், திடீரென்று மவுசு வந்தது. புருசன் பெண்டாட்டி சண்டைகள் கதவுக்குள்ளே போடுவதற்கு வழியில்லாமல் கடற்கரைக்கு வந்தன, வந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் பேசி, பாதிச் சண்டைகள் பொழுது சாயும் முன்பே அலுத்துப்போய் முடிந்தன. கரைக் காவல் அதிகாரி ஒருவர், கடலில் எண்ணெய் என்று புகார் கொடுத்தால் போதாதா, கதவு மூடிவிட்டது என்று ஏன் எழுதுகிறீர்கள் என்று விசாரிக்க வந்து, தன் ஜீப்புக்கு வெளியே அன்று முழுவதும் நின்று, போகும்போது தானும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

ஆனால் கதவுகள் சனிக்கிழமைதோறும் மூடுவது ஏன் என்பதுதான் முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. புரிந்தவர்கள் வெளியே சொல்லவில்லை.

"கப்பல்காரன் ஊத்துறான் டாக்டரம்மா," என்றார் சங்கத் தலைவர்.

"சனிக்கிழமை மட்டுமா கப்பல் போகுது?"

"அவனும் நம்மளப் போல வேதக்காரனா இருப்பான். ஞாயிறுக்கு முன்னால கப்பலக் கழுவுறான்."

கூட்டம் சிரித்தது. செலஸ்தீனா சிரிக்கவில்லை. ஞாயிறு கடலுக்குப் போகாத ஊர் அது. சனிக்கிழமை மத்தியானம் வள்ளங்களைக் கரையேற்றி, எஞ்சின்களைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பழைய ஆயிலையும் கழுவின தண்ணீரையும் அலை வாயில் கொட்டிவிட்டு, கைகால் அலம்பி, சட்டை மாற்றிக்கொண்டு செபமாலைக்குப் போவது அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண்ணால் காண்கிற காரியம். அவள் எழுந்து நின்று, தன் புருசன் பக்கம் திரும்பாமலே, "கப்பல்காரன் வேதக்காரனோ என்னமோ, எனக்க வீட்டுக்காரரு வேதக்காரருதான்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பெண்கள் வழக்கம்போல மத்தியானமே சமைத்து அடுப்படியில் மூடி வைத்தார்கள். வழக்கத்துக்கு மாறாகச் செய்தது ஒன்றே: பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தாங்களும் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் வெளியே வந்து மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்கள் எஞ்சின் கழுவி முடித்துப் பசியோடு கரையேறினபோது கதவுகள் மூடின. சாப்பாடு உள்ளே இருந்தது. குழம்பு வாசம் மட்டும் ஓட்டு இடுக்கு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, யாரும் எதையும் விளக்கவும் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமை கரையில் ஒரு பெரிய டிரம் வந்து நின்றது, பழைய ஆயில் அத்தனையும் அதற்குள் போயிற்று, செபமாலை மணி அடித்து ஓய்ந்தபோது கோயில் கதவு காற்றுக்குக்கூட அசையாமல் திறந்தே இருந்தது. அன்றிலிருந்து கதவுகள் மூடினால் அது நிஜமாகவே வெளியாள் கொட்டின எண்ணெய் என்று ஊர் நிம்மதியாகக் கோபப்பட முடிந்தது.

கூடையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, யாரும் கொடுக்காமலே, செலஸ்தீனாவிடம் வந்து சேர்ந்தது. பாசியைச் சுரண்டுவாள், கயிறு மாற்றுவாள், செத்த சிப்பியைப் பொறுக்கி எடுப்பாள். டாக்டர் இந்துமதிதான் ஒருநாள் அவளிடம் சொன்னாள்: சிப்பி திறந்திருப்பதற்கு முயற்சியே தேவையில்லை, அந்தக் கீலில் உள்ள நார் எப்போதும் ஓடுகளை விரித்துத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும், மூடி வைத்திருப்பதற்குத்தான் உயிர் வேண்டும், அதனால்தான் செத்த சிப்பி வாயைத் திறந்துவிடுகிறது, வெந்த சிப்பியும் திறந்துவிடுகிறது. செலஸ்தீனா இதைக் கேட்டுக்கொண்டாள்.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு வீட்டில் ஒரு கவலை இருந்தது. மகள் மெர்லினைப் பார்க்க முதலில் ஒரு வீட்டார் வந்தார்கள். அவர்கள் தெருமுனையில் வேனை விட்டு இறங்கின நேரம் தூரத்தில் போன ஏதோ ஒரு கப்பல் தன் வேலையைக் காட்ட, கதவுகள் மூடின. பட்டுப்புடவை பீரோவுக்குள், நகை பீரோவுக்குள், பலகாரம் அலமாரிக்குள், கண்ணாடியும் சீப்பும் அறைக்குள். மெர்லின் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தபடியே, செதிள் ஒட்டின நைட்டியோடு எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். வந்தவர்கள் சிப்பியைப் பற்றிச் சொன்ன எதையும் நம்பவில்லை. கதவை அடைத்து வெளியே நிறுத்தி அனுப்பினார்கள் என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தப் பேச்சு அடங்கவே ரொம்ப நாள் பிடித்தது. மெர்லின் அன்றிலிருந்து வாசலில் மீன் கழுவுவதை விட்டுவிட்டாள். செலஸ்தீனா அதைக் கவனித்துக்கொண்டாள்.

இரண்டாவதாக வந்தது நெடுங்கரைப் பட்டணத்துச் சம்பந்தம். துறைமுகம் உள்ள ஊர். பையன் ஆன்றோ, தாய்மாமன் லாசருடைய விசைப்படகில் எஞ்சின் டிரைவர், தகப்பன் இல்லாத பிள்ளை, லாசர்தான் வளர்த்தவர். மெர்லினுக்குப் பையனைப் பிடித்திருந்தது. ஃபோனில் பேசிவிட்டு வந்து தானாகவே சிரித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். இந்த முறை செலஸ்தீனா கதவுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெண் பார்க்கிற அன்றும் நிச்சயத்தன்றும் கடல் அவள் பக்கம் இருந்தது, கல்யாணத்தன்றும் இருக்குமா என்பதுதான் கேள்வி. கோயில் கதவு மூடிவிட்டால் கல்யாணம் நடக்காது. வெட்டவெளியில் மந்திரிக்கச் சாமியாருக்கு அனுமதி இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அவள் டாக்டர் இந்துமதியிடம் போனாள்.

"டாக்டரம்மா, கூடைய ஒரு நாளைக்கு முனைக்கு அந்தப் பக்கம் கொண்டு வச்சா என்ன?"

முனைக்கு அந்தப் பக்கம் மாதாக்குடா. காற்றும் படகும் நுழையாத, கண்ணாடி போன்ற தண்ணீர். கூடையில் இருந்த சிப்பிகளே அங்கிருந்து எடுத்தவைதான்.

"அங்க வச்சா அது அந்தத் தண்ணியப் பத்திச் சொல்லும். இங்க இருக்கிறதச் சொல்லாது," என்றாள் டாக்டர்.

"ஒரு நாளு ஒண்ணும் சொல்லாம இருக்கட்டுமே. மனுசரு இருக்கலியா."

"வேண்டாம்க்கா. காய்ச்சல் பார்க்கிற கருவிய ஐஸ்ல வச்சா காய்ச்சல் போயிடுமா?"

"காய்ச்சல் போவாது. மாப்பிள்ள வீட்டுக்காரனுக்குத் தெரியாமப் போவும்."

டாக்டர் இந்துமதி முடியாது என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு எந்தப் புடவை கட்டலாம் என்று யோசிக்கப் போய்விட்டாள். செலஸ்தீனா அன்று சாயங்காலம் சூசைநாயகத்தோடு வள்ளத்தில் போய்க் கூடையை அவிழ்த்தாள். இதை ஊரில் எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. சங்கத் தலைவர் அந்த நேரம் பார்த்து வலைக்குப் பொத்தல் தைக்கக் குனிந்தார். கயிறு பத்தாமல் போனபோது யார் வீசினார்கள் என்று தெரியாமல் ஒரு கயிற்றுச் சுருள் வந்து வள்ளத்துக்குள் விழுந்தது. பங்குச் சாமியார் மாடியிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி நின்று மலையைப் பார்த்தார். ஊர் அன்று, வெகுகாலத்துக்குப் பிறகு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கியது.

ஆமைக்கல்துறைக் கல்யாணங்களில் சிப்பிச் சோறு என்று ஒன்று உண்டு. பெண்ணின் தகப்பன் கல்யாணத்தன்று காலையில் ஆமைக்கல் பாறையில் மூழ்கிச் சிப்பி எடுத்து வர வேண்டும். அதை அப்படியே அண்டாவில் அவித்து, வாய் திறந்த முதல் சிப்பியை மாப்பிள்ளை கையால் எடுத்துப் பெண்ணுக்கு ஊட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்தியில் யாரும் சோற்றில் கை வைக்கலாம். சூசைநாயகம் காலையில் மூழ்கி இரண்டு சாக்குச் சிப்பியோடு வந்தார், கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கண்ணு எரியுதுடீ."

"மிளகா அரைக்கிறாங்க. அந்தப் பக்கம் போய் நில்லும்," என்றாள் செலஸ்தீனா.

எட்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் தங்கள் விசைப்படகிலேயே, வாழைமரமும் சீரியல் விளக்கும் கட்டி, கொட்டுமேளத்தோடு வந்து இறங்கினார்கள். விடிவதற்கு முன்பே வந்து பாறைக்குப் பின்னால் நங்கூரம் போட்டு, படகைக் கழுவிக் குளித்து உடுத்தி வந்ததாக லாசர் சொன்னார். பெரிய மனிதர், பெரிய மோதிரம், அதற்குத் தக்க குரல்.

"எனக்க படகப் பாத்தீரா சம்பந்தி? எஞ்சின் ரூம் தரையில சோறு போட்டுத் திங்கலாம்."

சூசைநாயகம் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "இங்க எல போட்டிருக்கு," என்றார்.

கோயில் கதவு அகலத் திறந்திருந்தது. மோதிரம் மாற்றினார்கள், தாலி கட்டினான், மெர்லின் அழவில்லை, சிரித்தாள். முன்வரிசையில் டாக்டர் இந்துமதி மாம்பழ நிறப் புடவையில் உட்கார்ந்து, கதவைப் பார்த்து, செலஸ்தீனாவைப் பார்த்து, திரும்பக் கதவைப் பார்த்தாள். செலஸ்தீனா பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால் பந்தலில் இலை போட்டு நானூறு பேர் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் சமையல்காரர் ஞானமுத்து செலஸ்தீனாவை அண்டா பக்கம் கூப்பிட்டார்.

"அக்கா, இது திறக்கல்ல."

"எது?"

"ஒண்ணும். ஒண்ணுகூட."

தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, விறகு முக்கால்வாசி எரிந்திருந்தது, சிப்பிகள் கொதியில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, கூழாங்கற்களைப் போல, எல்லாமே இறுக மூடியிருந்தன. வெந்து செத்தால் திறந்தே ஆக வேண்டியவை, செத்தும் மூடிப் பிடித்திருந்தன. செலஸ்தீனா ஒன்றைக் கரண்டியால் எடுத்து, ஆறுவதற்குக்கூடப் பொறுக்காமல், கத்தியை விட்டு நெம்பினாள். உள்ளே சதையின்மேல் மெல்லிய வானவில் ஒன்று படர்ந்திருந்தது. பெட்ரோல் பங்கு வாசம் அடித்தது. கூடை தன் இடத்தில் இருந்திருந்தால் விடிகாலையிலேயே இந்த ஊர் முழுக்கப் படாரென்று அடித்திருக்கும், சூசைநாயகம் பாறைக்குப் போயிருக்க மாட்டார், கல்யாணம் நின்றிருக்கும், அல்லது தள்ளிப் போயிருக்கும். அவ்வளவும் ஒரே நேரத்தில் அவள் மனத்தில் வந்து நின்றன.

ஞானமுத்து குரலைத் தாழ்த்தினார். "கத்தி போட்டு எல்லாத்தையும் திறந்திரலாம் அக்கா. மிளகும் தேங்காயும் தூக்கலாப் போட்டா மாதாவுக்கே தெரியாது."

"வயித்துக்குத் தெரியுமே."

"நாளைக்குத்தான தெரியும். இன்னைக்குக் கல்யாணம் முடிஞ்சிரும்."

பந்தலில் லாசரின் குரல் கேட்டது, சிப்பி எங்கே, மாப்பிள்ளைக்குக் கை நடுங்குது. சிரிப்பு எழுந்தது. முதல் வரிசையில் ஆன்றோவின் பக்கத்தில் மெர்லின் பட்டுப்புடவையில், பீரோவிலிருந்து ஒழுங்காக வெளியே வந்த அந்தப் பட்டுப்புடவையில், வாயைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். அவள்தான் முதல் சிப்பியைச் சாப்பிட வேண்டியவள். செலஸ்தீனா கத்தியை வைத்துவிட்டுப் பந்தலுக்குள் போய், இரண்டு வீட்டாருக்கும் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நின்றாள்.

"சிப்பி கெட்டுப்போச்சு," என்றாள். "கடல்ல எண்ணெ கலந்திருக்கு. கலந்தா எங்க ஊருல கதவு மூடும், உங்ககிட்ட அதச் சொல்லல்ல. இன்னைக்கு மூடாம இருக்கணும்னு நான்தான் சிப்பிக் கூடைய மாத்தி வச்சேன். சோறும் சாம்பாரும் இருக்கு. சிப்பிய ஒருத்தரும் தொடாதீங்க."

கல்யாண வீட்டில் சாம்பார் என்ற சொல் இதற்கு முன் உச்சரிக்கப்பட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கதவு எப்படி மூடும், என்ன கூடை, பொண்ணுக்குத் தாய்க்கு ஏதும் கோளாறா என்று கேட்டார்கள். லாசர் எழுந்தார்.

"மைனி, எண்ணெ கலந்ததுக்கும் கல்யாணத்துக்கும் என்ன இருக்கு? எவனோ ஊத்தினான்."

"எவனோ இல்ல மாமா," என்றான் ஆன்றோ.

"லே, சும்மா இரி."

"விடியக்காலம் நாமதான பம்பு போட்டோம். எஞ்சின் ரூம்ல தேங்கிக் கிடந்த எண்ணெத் தண்ணியக் கடல்ல தள்ள, பொண்ணு வீட்டுக்காரங்க படகப் பாப்பாங்கன்னு. பாறைக்கிட்ட. சுவிட்ச்சப் போட்டது நான்தான், மாமி."

லாசர் மோதிரத்தைத் திருகினார். கொட்டுமேளக்காரர் ஒருவர், என்ன செய்வதென்று தெரியாமல், மேளத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். மெர்லின் தன் புதுப் புருசனைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு தன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, "சாம்பார் கொண்டுவாங்க," என்றாள்.

சாப்பிட்டார்கள். லாசர் கத்திரிக்காயை, அது தன்னை ஏதோ சொல்லிவிட்டதைப் போல, வெகுநேரம் பார்த்துவிட்டுத் தின்றார். அதற்குள் செலஸ்தீனா கல்யாணப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறியிருந்தாள்.

"அம்மா, எங்க போறீங்க?" என்று கரையிலிருந்து கேட்டாள் மெர்லின்.

"கூடைய எடுக்க. அது அதுக்க எடத்துல இருக்கட்டும்."

"மூடிரும்லா?"

"மூடட்டும். நீங்க எல்லாரும் வெளிய நில்லுங்க."

மாதாக்குடாவிலிருந்து கூடை வந்து ஆமைக்கல் தூணில் தொங்கின மறுகணம், நெடுங்கரைப் பட்டணத்துக்காரர்கள் தங்கள் வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். முதலில் கோயில் கதவு, பிறகு கோயிலை ஒட்டின வீடுகள், பிறகு தெருத்தெருவாக மேட்டை நோக்கி, கடைசியாகப் படகில் எஞ்சின் அறைக்கு இறங்குகிற இரும்பு மூடி. ஆன்றோவும் லாசரும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அந்த மூடியை நெம்பிப் பார்த்தார்கள். எஞ்சினைத் தொட வழியில்லாத படகு, வாழைமரமும் சீரியல் விளக்குமாக, கரைக்கு முன்னால் ஆடிக்கொண்டு நின்றது. மணவறைக் கதவும் மூடியிருந்தது என்று யாரோ சொன்னார்கள், அதற்குக் கிழவர்கள்கூடச் சிரித்தார்கள்.

கடல் தெளிய நாளாயிற்று. அதுவரை இரண்டு சம்பந்தி வீட்டாரும் மணலில் படுதா கட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஆமைக்கல்துறை அவர்களுக்குத் தன் முறைகளை எல்லாம் சொல்லிக்கொடுத்தது. லாசர் படுதாவுக்குப் பின்னால் பாடுவதற்கு ஒரு பழைய பாட்டைத் தேர்ந்தெடுத்தார், குரல் நன்றாக இருந்ததால் சனங்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள், அது அவருக்கு வசதியாக இல்லை. ஆன்றோ தினமும் காலையில் பாறைக்கு நீந்திப் போய்ச் சாக்கால் எண்ணெயை ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்தான், மெர்லின் கரையில் நின்று வாளியை வாங்கி டிரம்மில் ஊற்றினாள், இருவரும் அதிகம் பேசவில்லை, ஆனால் ஒருநாள் அவன் ஏதோ சொன்னதற்கு அவள் ஈரச் சாக்கால் அவனை அடித்ததைச் செலஸ்தீனா தூரத்திலிருந்து பார்த்து, அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம் கதவுகள் பெருமூச்சு விட்டன. சூசைநாயகம் மாதாக்குடாவில் மூழ்கிச் சிப்பி கொண்டுவந்தார், ஞானமுத்து அண்டாவை ஏற்றினார், கொதி வருவதற்குள்ளேயே எல்லாச் சிப்பியும் திறந்துவிட்டன. ஆன்றோ கையால் எடுத்து ஊட்டினான். மெர்லின் மென்றாள், யோசித்தாள், எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு," என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."

புறப்படுகிற நேரத்தில் சீர் சாமான்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மெர்லின் தாயிடம் வந்து, பீரோவும் கட்டிலும் போதும், கூடையில் பாதி வேண்டும் என்றாள். லாசருக்கு அது காதில் விழுந்தது. அவர் கடலைப் பார்த்தார், படகைப் பார்த்தார், துறைமுகத்தில் தன்னைப் போல எத்தனை பேர் படகு வைத்திருக்கிறார்கள் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தவரைப் போல நின்றார். "ஏத்துலே," என்றார் கடைசியில் ஆன்றோவிடம். "பெரிய கூடையா ஏத்து." டாக்டர் இந்துமதி சிப்பிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள், கட்டுரையில் இந்த முறை எந்தப் பத்தியையும் எடுக்கப் போவதில்லை என்றும் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் செலஸ்தீனா உள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"அம்மா, கூடையக் கட்டியாச்சு. துறைமுகத்துல, படகு அணையிற பாலத்துத் தூணுல."

"மந்திரிச்சாச்சா?"

"சாமியார் வர நேரமாவும்னாரு. மாமாவே புத்தகத்தப் பாத்து வாசிச்சாரு."

"எந்தப் பக்கம்?"

"வீட்டுக்கு உள்ளது. நான்தான் எடுத்துக் குடுத்தேன். அம்மா, கேளுங்க."

முதலில் பக்கத்தில் ஒரு இரும்பு மூடி விழுந்தது. அதைத் தொடர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசையாக நின்ற அத்தனை படகின் மூடிகளும் விழுந்தன. பிறகு ஐஸ் கம்பெனியின் கனத்த கதவு, ஏலக்கூடத்தின் கேட், டீசல் பங்கின் அறை, லாரிகளின் பின்கதவுகள், கடைவீதி, கல்யாண மண்டபம், அதற்கும் அப்பால் தெருக்கள், பட்டணம் பெரியது என்பதால் அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, எட்டப் போகப் போக மழை நகர்ந்து போவதைப் போலக் கேட்டது. நடுவில் லாசரின் குரல், யாருலே அது, யாருலே கதவ அடைச்சது என்று யாரோ கத்தியதற்குப் பதிலாக, நிதானமாக, "சத்தம் போடாதலே, எனக்க மருமவ கொண்டு வந்த சீரு," என்றது. செலஸ்தீனா ஃபோனைச் சுவர்மேல் வைத்துவிட்டு மிச்ச உள்ளியையும் உரித்து முடித்தாள். திரும்ப எடுத்தபோதும் எங்கோ ஒன்றிரண்டு கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன.

"மக்ளே, நீ வெளியதான நிக்க?"

"வெளியதான்மா. எல்லாப் பொம்பளைகளும் வெளிய வந்துட்டாங்க."

"ராச் சாப்பாடு?"

மெர்லின் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"ஆக்கி வச்சாச்சு. உள்ள இருக்கு."

"அப்பச் சரி," என்றாள் செலஸ்தீனா, ஃபோனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.